ஒரு கழி தூரம்

வாளி, துடைப்பம், பழைய துணி என்று கை நிறையச் சாமான்களோடு படகுத்துறைப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்த படகுக்காரன் மோட்டார், பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டான்.

துறை முழுக்கக் கூட்டம். அண்ணனின் உயிர் போனது காலையில். வெயில் இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை. அதற்குள் இத்தனை பேரா? பாசி வழுக்கும் என்று யாரும் கால் வைக்காத மூலைப் படியில்கூட ஒரு அம்மாள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது; ஒரே துறையில் தொழில் செய்த தனக்குத் தெரியாமல் போயிற்றே. கொஞ்சம் பொறாமைகூட வந்தது. தான் செத்தால் இதில் பாதியாவது தேறுமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான். மேல்படிகூட நிரம்பவில்லை.

அப்புறம்தான் கவனித்தான். சாவு வீடு இருப்பது மேட்டில். கூட்டத்தின் முதுகெல்லாம் மேட்டுப் பக்கம் இருந்தது. முகமெல்லாம் ஆற்றுப் பக்கம். ஒவ்வொரு முகத்திலும் ஒரு பைனாகுலர். அத்தனை பைனாகுலரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓரமாகக் கட்டிக் கிடந்த அண்ணனின் துடுப்புப் படகை.

மோட்டார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அந்தத் துறையில் முதன்முதலாகப் படகுக்கு மோட்டார் பூட்டியவன் அவன். வாயும் அதே வேகத்தில் ஓடும் என்பதால் பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்குத் துறை வைத்திருந்த பெயர் 'உஷ்'. பறவை பார்க்க வருகிறவர்கள் படகில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் விரலை உதட்டில் வைத்து அதைத்தான் சொல்வார். அதற்கப்புறம் கரைக்கு வரும்வரை பேச்சு கிடையாது. கடலை கொறிக்கக்கூட விடமாட்டார்.

வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கு முன்வரிசை மொத்தமும் திரும்பி அவனை முறைத்தது. அதில் பல் டாக்டரம்மாவும் ஒருத்தி. பறவை பார்க்கிறவர்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஊரில் பாதிப் பேரை வாயைத் திறக்க வைத்தவள். இன்றைக்குத் திறந்திருந்தது அவள் வாய். சாவுக்கு என்று கொண்டு வந்த பூங்கொத்து இன்னும் அக்குளில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மெதுவா. இதுக்கு மேல கீழ வராதீங்க," என்று கிசுகிசுத்து, தன் பைனாகுலரைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

கண்ணில் வைத்துப் பார்த்தான். படகின் தகரக் கூரைக்கு அடியில், குறுக்குக் கட்டையில், யாரோ சேற்றில் பிடித்து ஒட்டிய அரைக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. விளிம்பில் மஞ்சள் மஞ்சளாக வாய்கள். அவன் எண்ணி முடிப்பதற்குள் ஆற்றின் மேலிருந்து ஒரு பறவை சறுக்கிக்கொண்டு வந்தது. வாலில் ஊசிபோல இரண்டு கம்பிகள். கூரைக்குள் நுழைந்து, ஒரு வாயில் எதையோ வைத்து, வந்த வேகத்தில் வெளியே போய்விட்டது. படிகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அது கம்பிவால் தகைவிலான் என்றும், இந்த ஆற்றில் அது கூடு கட்டித் தானும் பார்த்ததில்லை, தனக்குக் கற்றுக்கொடுத்தவரும் பார்த்ததில்லை என்றும் டாக்டரம்மா சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்தவள் பழக்கதோஷத்தில் ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்திருக்கிறாள்; அவ்வளவுதான், சங்கம் முழுவதற்கும் தகவல் பறந்துவிட்டது. சொல்லும்போது அவள் கை நடுங்கியது. பல் பிடுங்குகிறவள் கை நடுங்கலாமா என்று வேறொரு நாளாக இருந்தால் மோட்டார் கேட்டிருப்பான்.

"எல்லாம் சரிம்மா. அந்தப் படகு எனக்கு இப்ப வேணும்."

"எதுக்கு?"

"அண்ணனைக் கொண்டு போக."

டாக்டரம்மா பூங்கொத்தை அக்குளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அது தன்னிடம் இருப்பதே நினைவு வந்ததுபோல.

இடுகாடு அக்கரையில் இருந்தது. வண்டியில் போனால் பாலத்தைச் சுற்ற வேண்டும். படகில் போனால் நேர் எதிர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். "என் படகுலதான்டா என்னைக் கொண்டு போகணும். உன் மோட்டார்ல ஏத்தினே, பாதி ஆத்துல எழுந்து உட்கார்ந்துடுவேன்." ஊசி போட வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். சத்தியத்துக்கு அவளே சாட்சி.

ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே படகுதான். தம்பி மோட்டார் பூட்டலாம் என்றான்; அண்ணன் பறவை பறந்துவிடும் என்றார். பேச்சு முற்றிப் படகு இரண்டாயிற்று. அதிலிருந்து காலையில் துறை திறந்தால் இரண்டு படிகளில் இரண்டு பேரும் நின்று ஆள் பிடிப்பார்கள். தம்பி படகில் போனால் பறவை தெரியாது, பறவையின் முதுகுதான் தெரியும் என்று அண்ணன் சொல்வார். அண்ணன் படகில் போனால் பறவை தெரியும், ஆனால் திரும்பி வருவதற்குள் பென்ஷன் வயசு வந்துவிடும் என்று தம்பி சொல்வான். பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே பாதிப் பாதியாகப் பிரிந்து ஏறுவார்கள். சண்டையா, வியாபாரமா என்று வெளியாளுக்குத் தெரியாது. சில நாள் அவர்களுக்கே தெரியாது.

ஏறுகிறவர்களிடம் அண்ணன் சரக்கு விற்பதுபோலத்தான் பறவைகளைச் சொல்வார். மீன்கொத்தி என்று சொல்லமாட்டார், 'நகைக்கடை' என்பார். இறக்கையை விரித்து நிற்கும் நீர்க்காகம் 'துணி காயப்போடுறவ'. ஒற்றைக்காலில் நகராமல் நிற்கும் நாரை 'கடன்காரன்'. நீர்நாய்க் கூட்டம் 'பள்ளிக்கூடம் விட்ட பசங்க'. தண்ணீரில் இறங்கிய பிறகு அவர் அந்த 'உஷ்'ஷை மீறி வாய் திறப்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். யார் தொப்பியிலாவது எச்சம் விழுந்தால் திரும்பிப் பார்த்து, "துடைக்காதீங்க சார், அது ரசீது. பறவை உங்களைப் பார்த்துடுச்சுன்னு கொடுத்திருக்கு, வீட்டுல காட்டுங்க," என்பார். கோபப்பட வந்தவர் தொப்பியைப் பத்திரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

படியில் இருந்தவர்களில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், மோட்டாரின் முழங்கையைத் தொட்டார். "உங்க படகுலயே கொண்டு போகலாமே. பெரிசு. வசதி. அதுதான் நல்ல படகு."

வாழ்நாள் முழுக்க அந்தத் துறையில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் காத்திருந்த வார்த்தை. வரக்கூடாத நாளில் வந்து சேர்ந்தது. வாளியை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான்.

நடக்கும்போது ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனைப் பார்க்க அவன் தினமும் போனான். ஜன்னலோரக் கட்டிலில், ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் வேலை செய்யும் பழைய பைனாகுலரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அண்ணன் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். படகைத் தொட்டாயா? மழைத்தண்ணீரை இறைத்து, கழுவி, புது வர்ணம் பூசி வைக்கிறேன் என்று மோட்டார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். தொடாதே என்பதுதான் பதில். இன்று விடியும்போதுகூட அதே பேச்சு. "தொட்டியா?" "தொடலைண்ணே." "பக்கத்துல போனியா?" "போகலை." "நல்லது," என்றார் அண்ணன். அதற்கப்புறம் பேசவில்லை. சாகிற நேரத்தில்கூட என்னை நம்பவில்லையே என்ற குறையோடுதான் மோட்டார் அழுது முடித்திருந்தான்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். ஜன்னலிலிருந்து துறைக்கு ஒரு நேர்க்கோடு இழுத்தால் அது அண்ணன் படகின் தகரக் கூரைக்கு அடியில் போய் முடிந்தது.

அறையில் அண்ணி அண்ணனின் தலைமாட்டில் இருந்தாள். கால்மாட்டில், அக்காவைக் கட்டிய மச்சான் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அவர் இரும்புக்கடைக்காரர். எந்தக் காரியமானாலும் சரக்கு வண்டியை அனுப்பி வைப்பதுபோலச் சீக்கிரம் அனுப்பி முடிக்க வேண்டும் அவருக்கு. மோட்டார் விஷயத்தைச் சொன்னான். கூட்டம், கூடு, குஞ்சு, டாக்டரம்மாவின் நடுக்கம் எல்லாம்.

அண்ணி ஆச்சரியப்படவில்லை. "மூக்கு வேர்த்துடுச்சா அந்தம்மாவுக்கு," என்று மட்டும் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"சேறு சேறா எடுத்துட்டு வந்து ஒட்டின நாள்லேர்ந்து தெரியும். கத்தரிக்கோல்னு பேர் வெச்சாரு. தினமும் எனக்கு ஒரு வேளையாவது அதை வர்ணிச்சாகணும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ சாயங்காலமே துறையில போர்டு வெச்சிருப்பே."

மோட்டார் மறுக்க வாயைத் திறந்தான். போர்டில் என்ன எழுதியிருப்பான் என்பது வரை அவனுக்கே கண்ணில் தெரிந்தது. மூடிக்கொண்டான்.

போனை இறக்கிய மச்சான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். ஒன்று மோட்டார் படகு, இல்லாவிட்டால் பாலம் வழியாக வண்டி. குருவிக்காகப் பிணத்தைக் காக்க வைத்தான் என்று நாளைக்குக் கடையில் நாலு பேர் கேட்டால் தன்னால் தலை காட்ட முடியாது. மோட்டார் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் படகில்தான் போக வேண்டும் என்று ஒரு சத்தியம். என் படகைத் தொடாதே என்று ஒரு கட்டளை. இரண்டும் ஒரே ஆளுடையது. எதைக் காப்பாற்றினாலும் இன்னொன்று பொய்த்துப் போகும். உயிரோடிருந்தவரை தம்பியை எந்தப் பேரத்திலும் ஜெயிக்கவிடாத மனிதர், போகிற போக்கிலும் விடவில்லை.

"ஏன் தம்பி," என்றாள் அண்ணி. அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு வந்தவள். அவனிடம் மட்டும் அவளுக்கு அந்தப் பழைய குரல் உண்டு. "கூச்சப்படுற பறவைகிட்ட உங்க அண்ணன் எப்படிப் போவாரு?"

"கழியைத் தரையில ஊனி ஒரு தள்ளு தள்ளுவாரு, ஒரு கழி தூரம்தான். நங்கூரக் கல்லைச் சத்தம் இல்லாம இறக்குவாரு. பறவை இறகு கோதுற வரைக்கும் அசைய மாட்டாரு. கோதினா, நம்மளை மறந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் இன்னொரு கழி..." மோட்டார் நிறுத்தினான்.

"அதேதான். எப்பவும் நாம அதுகிட்ட போவோம். இன்னைக்கு ஒவ்வொரு கழிக்கும் அது படகைத் தேடி நம்மகிட்ட வரணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்படிப் போனா எப்ப போய்ச் சேர்றது?" என்றார் மச்சான்.

"அவருக்கு என்ன அவசரம்?" என்றாள் அண்ணி.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது, காற்றைத் தாங்கும். பசியைத் தாங்காது என்றாள். வேறு இடங்களில் ஓடுகிற படகிலேயே கூடு கட்டி, படகு போகிற இடமெல்லாம் கூடப் போகிற தகைவிலான்களைப் பற்றி அவள் படித்திருக்கிறாள். ஆனால் இது கட்டிக் கிடந்த படகு, இந்த ஜோடிக்குப் படகென்றால் அசையாத வீடு. ஒரு நிபந்தனை போட்டாள். தானும் கூட வருவாள். தாய்ப்பறவை வரவில்லை என்று எந்த இடத்தில் தனக்குத் தோன்றுகிறதோ, அந்த இடத்திலிருந்து படகு துறைக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து அண்ணனை மோட்டார் படகுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"நடு ஆத்துல இருந்துமா?"

"எங்க இருந்தாலும்."

பேரம் பேசிப் பழகிய வாய் ஏதோ சொல்லத் துடித்தது. "சரிம்மா," என்றான்.

அடுத்த வேலை அவனுக்கே உரியது. துறையில் இருந்த அத்தனை படகுக்காரர்களிடமும் போய், காரியம் முடியும்வரை மோட்டாரை நிறுத்தும்படி கேட்டான். மோட்டாரே வந்து மோட்டாரை நிறுத்தச் சொல்கிறானே என்று ஒருவன் சிரிக்கப் பார்த்தான். இவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் அடங்கின. படிகளில் தண்ணீர் வந்து மோதும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அந்தத் துறையில் உண்டு என்பதே மோட்டாருக்கு மறந்து போயிருந்தது.

அண்ணனை வெள்ளைத் துணியில் சுற்றி, பலகையில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் அப்போதுதான் திரும்பியது. பைனாகுலர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை விட்டு இறங்கின. மூலைப் படி அம்மாள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினாள். படிகளின் நடுவே தானாக ஒரு வழி விட்டது. இரண்டு கத்தரிக்கோல்களும் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டிருந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மோட்டாருக்குத் தெரியும். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பலகையைக் கூரைக்கு அடியில் நீளவாக்கில் கிடத்தினார்கள். கூடு அண்ணனின் நெஞ்சுக்கு நேர் மேலே. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா படகின் முன்னோரம். மோட்டார் பின்னால் கழியோடு நின்றான். நங்கூரக் கல்லுக்கு ஒரு ஆள் வேண்டும்; இரும்பு தூக்கிப் பழகியவர் என்று மச்சானை அண்ணி கைகாட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மோட்டார் கயிற்றை அவிழ்த்தான். ஒரு கழி தள்ளினான். படகு துறையை விட்டு வழுக்கியது. கையைக் காட்டியதும் மச்சான் கல்லைத் தூக்கி, கடையில் கம்பிக் கட்டை இறக்குவதுபோல, தொப்பென்று போட்டார். தண்ணீர் தெறித்தது. கூட்டுக்கு வந்துகொண்டிருந்த பறவை அந்தரத்திலேயே திரும்பிப் பறந்துவிட்டது.

"உஷ்," என்றது கரை. தலைவியின் சங்கம் மட்டுமல்ல, படகுக்காரர்கள், துறைக்கு எதிரே கடை வைத்திருந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து. மச்சான் நனைந்த முகத்தோடு கல்லையும் கயிற்றையும் பார்த்தார். அடுத்த தடவையிலிருந்து தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலத்தான் இறக்கினார்.

பறவை பழைய இடத்துக்குப் போனது. அங்கே வீடு இல்லை. இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். அதே இடத்தில் பம்பரமாகச் சுற்றியது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டைக் காணோம் என்று இரண்டும் கீச்சுக்கீச்சென்று ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டன. குஞ்சுகள் இங்கிருந்து கத்தின. மோட்டார் கழியை ஊன்றிப் படகை அசையாமல் பிடித்தான். பட்டென்று ஒரு பறவை வட்டத்தை உடைத்துக்கொண்டு வந்து, கூரைக்குள் புகுந்து, அண்ணனின் மேலாகப் பறந்து ஒரு வாயை அடைத்துவிட்டுப் போனது. கரையில் ஒருவர் கையைத் தட்டப் போக, பக்கத்தில் இருந்தவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பறவை கூரை விளிம்பில் உட்கார்ந்து இறகு கோதியது. மோட்டார் அடுத்த கழி தள்ளினான்.

இப்படியே ஆற்றுக்குள் போனார்கள். கழி, கல், காத்திருப்பு. மோட்டார் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததை அண்ணி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது. சொல்ல எதுவும் இல்லாமல் நின்றபோது ஆறு தானாகத் தெரியத் தொடங்கியது. சாய்ந்த மரத்தில் நகைக்கடை திறந்திருந்தது. திட்டில் துணி காயப்போடுகிறவள். பள்ளிக்கூடம் விட்ட பசங்கள் படகுக்குப் பக்கத்திலேயே தலைகளை நீட்டி, மீசையில் தண்ணீர் சொட்ட, உள்ளே யார் படுத்திருப்பது என்று எட்டிப் பார்த்துவிட்டு முங்கினார்கள். மச்சான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆற்றங்கரையிலேயே கடை வைத்திருக்கிறவர்; நீர்நாயை அன்றைக்குத்தான் பார்க்கிறார். அக்கரை ஓரத்தில், இடுகாட்டுக்குப் போகும் பாதைக்குக் கீழே, கடன்காரன் ஒற்றைக்காலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வசூல் பண்ணாமல் போகிறவனாகத் தெரியவில்லை. மோட்டார் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டான்.

நடு ஆற்றில் கழி தரை தொடவில்லை. துடுப்புக்கு மாறினான். கல்லுக்குக் கயிறு போதும் போதாததாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலே பருந்து வந்தது.

அது கூட்டைப் பார்த்து வரவில்லை. தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்கோல்களுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டும் எகிறிப் போய் அதன் முதுகில் மாறி மாறிப் பாய்ந்தன. பருந்து எரிச்சலோடு விலகிப் போனது. இவை விடவில்லை. துரத்தித் துரத்தி, மூன்றும் மரங்களுக்கு மேலே புள்ளிகளாகி, அப்புறம் புள்ளிகளும் இல்லை.

காத்திருந்தார்கள். கூட்டில் கத்தல் ஓய்ந்து, வாய்கள் ஒவ்வொன்றாக விளிம்புக்குக் கீழே இறங்கின. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தாள். மச்சான் கயிற்றைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அவசரப்படுத்தியதாகிவிடுமோ என்று பயந்ததுபோல மூடிக்கொண்டார். வெயில் மெல்லச் சாய ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா திரும்பி மோட்டாரைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு மனசில்லை. அவள் போட்ட நிபந்தனை, அவன் ஒத்துக்கொண்ட நிபந்தனை.

மோட்டார் துடுப்பைத் திருப்பிப் பிடித்தான்.

"அண்ணே," என்றாள் டாக்டரம்மா, "ஒரு நிமிஷம்." அவள் பார்த்தது வானத்தையல்ல, கரையை.

துறைப் படிகளில் ஒரு கை உயர்ந்திருந்தது. மூலைப் படி அம்மாளுடையது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு படி படியாகக் கைகள் எழுந்தன. மேட்டு வீட்டு வாசலில் நின்றிருந்த சொந்தக்காரர்கள் வரை. ஒரு சத்தம் கிடையாது. அத்தனை விரல்களும் வானத்தின் ஒரே இடத்தைக் காட்டின. அந்த இடம் மெதுவாக நகர, கைகளும் சேர்ந்து நகர்ந்தன. படகில் இருந்தவர்களுக்கு முதலில் பறவை தெரியவில்லை. அது எங்கே வருகிறது என்பதைக் கைகளை வைத்துத்தான் பார்த்தார்கள். கைகள் இறங்கின. இன்னும் இறங்கின. தண்ணீர் மட்டத்துக்கு வந்து படகைப் பார்த்து நேராக நீண்டன.

"வாடா கத்தரிக்கோலு," என்றான் மோட்டார். சத்தமே வராத குரலில். அவனிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே புதிது.

பறவை ஆற்றைக் கிழித்துக்கொண்டு வந்து கூரைக்குள் புகுந்தது. பின்னாலேயே அதன் ஜோடி. குஞ்சுகள் ஆளாளுக்கு அலறின. படகுக்குள் இறக்கைக் காற்று அடித்து, வெள்ளைத் துணியின் ஓரம் எழுந்து படிந்தது. டாக்டரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெட்கப்பட்டதுபோல ஒரு சிரிப்பு வந்து நின்றது.

"அந்த ஓரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கலை பாரு," என்று மச்சான் மோட்டாரின் காதுக்குள் படபடத்தார். "ரெண்டு தடவையா விட்டுட்டுப் போகுது. கொஞ்சம் நில்லு. அதுக்கும் கிடைச்சதும் தள்ளு."

நின்றார்கள். ஓரத்துப் பிள்ளைக்கும் கிடைத்தது. மச்சான் கல்லைத் தூக்கினார்.

அக்கரை நெருங்க நெருங்கப் பறவைகள் படகைவிட முந்திக்கொண்டன. கழி தள்ளி முடிப்பதற்குள் கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, இன்னுமா என்பதுபோலப் பார்த்தன. அடிப்பலகை மணலில் உரசியது. கடன்காரன் ஊன்றியிருந்த காலை மாற்றி, அசட்டையாக இறக்கையை விரித்து வேறு இடம் பார்த்துப் போனான். பாலம் வழியாக வந்து காத்திருந்த சொந்தக்காரர்கள் பலகையைத் தூக்க வந்தார்கள். மோட்டார் விரலை உதட்டில் வைத்தான். கால்விரலில் நடந்து வந்தார்கள்.

தூக்குவதற்குக் குனிந்த மச்சான், நெஞ்சுப் பக்கம் வெள்ளைத் துணியில் ஒரு கறையைப் பார்த்தார். இன்னும் ஈரம் காயாத, நடுவில் கறுப்புப் புள்ளியோடு ஒரு சிறிய எச்சக் கறை. நல்ல காரியம் செய்யும் பதற்றத்தில் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மச்சான் அவளைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். மோட்டார் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பலகை தோளுக்கு ஏறியது. துணி அப்படியே போனது.